மாப்பிள்ளையை முந்தும் வண்டி

கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் கிருபாசங்கர் நாற்பத்து மூன்றாம் வயதில் புதுக் கார் வாங்கினார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, பட்டறை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள். குடும்பத்தோடு பழனிக்குப் போய்வர ஒருவர் வாங்குவார். பெண் கேட்டு வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று வாசலில் நிறுத்த இன்னொருவர் வாங்குவார். கிருபாசங்கர் வாங்கியது தன் தங்கை புருஷனை வாழ்க்கையில் ஒரே ஒருமுறை முந்திப் பார்ப்பதற்காக. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கீதாவிடம் சொல்லியிருந்தால், அதற்கு இத்தனை பெரிய வண்டி எதற்கு, காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தாலே போதுமே என்று கேட்டிருப்பாள்.

தங்கை புருஷன் பெயர் அருண்குமார். ஈரோட்டில் பெட்ஷீட் மொத்த வியாபாரம். பதினேழு வருடத்துக்கு முன்னால் லோகப்பிரியாவைக் கட்டிக்கொண்டு போனவர், அன்றையிலிருந்து கிருபாசங்கருக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை ஆவது சாதாரணப் பதவி இல்லை. தேர்தல் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, தணிக்கை கிடையாது. பந்தியில் முதல் இலை மாப்பிள்ளைக்கு. காரில் முன் சீட்டு மாப்பிள்ளைக்கு. ஆடி நோம்பிப் பண்டிகைக்கு வந்தால் ஏசி இருக்கிற ஒரே அறை மாப்பிள்ளைக்கு. கிருபாசங்கரும் கீதாவும் ஹாலில் மின்விசிறியின் கருணையில் கிடப்பார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற சோபாவில் மச்சான் சாய்ந்து உட்காரமாட்டார், நுனியில்தான் உட்காருவார். அந்த நுனியிலேயே உட்கார்ந்து அவருக்கு முதுகுவலியும் வந்துவிட்டது. டாக்டர் பட்டறை வேலையைக் குறை சொன்னார்.

தங்கையின் கல்யாணத்தன்று அம்மா நஞ்சம்மாள் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள மனசு கோணாமப் பாத்துக்கோ சாமி. நம்ம புள்ள அங்க போயி பொழைக்கோணும்" என்று சொன்னார். அவ்வளவுதான். சிலர் அம்மா சொன்ன எதையும் கேட்பதில்லை. கிருபாசங்கர் இந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

அருண்குமாரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் பெரிய தொல்லை. குடிக்கமாட்டார், குரல் உயர்த்தமாட்டார், 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மரியாதையாகவே ஆளைக் குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளிவிடுவார். கிருபாசங்கர் பத்து வருடம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீடு கட்டினார். மாப்பிள்ளை வந்து மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டு, "நல்லா கட்டிப்போட்டீங்க மச்சான். எங்க குடோன் மாதிரியே நெம்பக் காத்தோட்டமா இருக்குதுங்க" என்றார். கிருபாசங்கர் சிரித்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அருண்குமார் ஒரு கார் வாங்கினார். கறுப்பு நிறம், சின்ன சைஸ் எஸ்யூவி, டீசல். உயரமாக இருக்கும், ஆனால் உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். அந்த வகை வண்டிக்கு இப்போது ஊரே அடிமை. வாங்கிய நாளிலிருந்து அவர் பேச்சில் 'பிக்கப்பு' என்ற வார்த்தை குடியேறிவிட்டது. கல்யாண வீட்டில் பிக்கப்பு, எழவு வீட்டில் பிக்கப்பு. "மிதிச்சா போதுமுங்க மச்சான், முதுகு சீட்டுல போயி ஒட்டிக்கும்." கிருபாசங்கரிடம் அப்போது இருந்தது பழைய சின்னக் கார். இரண்டு குடும்பமும் ஒன்றாக எங்காவது போனால், செங்கப்பள்ளி தாண்டியதும் கறுப்பு வண்டி ஒரு ஹாரன் அடித்து முந்திப் போகும். அடுத்த டீக்கடையில் அருண்குமார் டம்ளரோடு நிற்பார். "வாங்க மச்சான். உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னனுங்க, ஆறிப்போச்சு." ஆறின டீயைக் கிருபாசங்கர் நன்றி சொல்லிக் குடிப்பார்.

லோகப்பிரியாவும் கார் ஓட்டுவாள். பிள்ளைகளை ஸ்கூலில் விட ஈரோட்டுச் சந்துகளில் ஒரு பழைய வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டுகிற அளவுக்குக் கை தேர்ந்தவள். ஆனால் கறுப்பு வண்டியின் சாவி அவள் கைக்குப் போனதில்லை. "பொம்பளைங்க கைக்கு இந்தப் பிக்கப்பு அடங்காதுங்க" என்று அருண்குமார் எல்லார் முன்னாலும் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். கிருபாசங்கரும் சிரிப்பார், மாப்பிள்ளை சொன்னது ஜோக் ஆயிற்றே.

அந்த ஆறின டீதான் கடைசியில் வேலை செய்தது. கிருபாசங்கர் யூடியூப்பில் விழுந்தார். கார்களை ஒப்பிட்டுப் பேசுகிற தாடிக்காரர்கள் அத்தனை பேரையும் அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். மாப்பிள்ளையின் டீசல் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எவ்வளவு நேரம், புதிதாக வந்திருக்கும் டர்போ பெட்ரோல் எவ்வளவு நேரம், ஏசி போட்டால் எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு, நாலு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு என்று பரீட்சைக்குப் படிக்கிறவன்போலப் படித்தார். காலேஜில் இதில் பாதி படித்திருந்தால் அரியர் வைத்திருக்கமாட்டார். டர்போ பெட்ரோல்தான் முந்துகிறது என்று எல்லாத் தாடியும் ஒரே குரலில் சொன்னது. எவ்வளவு முந்துகிறது? ஒரு விநாடிக்கும் குறைவு. நிதானமாக ஒரு தும்மல் போட்டால் தீர்ந்துபோகிற நேரம். அந்த ஒரு தும்மலுக்காகக் கிருபாசங்கர் வங்கியில் கையெழுத்துப் போட்டார்.

ஷோரூமில் கீதா நியாயமான கேள்விகளைத்தான் கேட்டாள். "ஏனுங்க, பின்னாடி மூணு பேரு நெருக்கமில்லாம உக்காரலாமுங்களா?"

"டர்போ அம்மணி, டர்போ" என்றார் கிருபாசங்கர்.

"மைலேஜு?"

"ஸ்போர்ட்ஸ் மோடு இருக்குது."

கீதா அதற்கு மேல் கேட்கவில்லை. நோயாளியிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது.

சிவப்பு வண்டி வந்தது. ஈச்சனாரிப் பிள்ளையாருக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பம்பரில் சந்தனம் வைத்துக் கூட்டி வந்தார். அதற்குப் பிறகு அது பார்த்த உலகம் என்ன? கணபதியிலிருந்து காந்திபுரம், பீளமேடு, மறுபடியும் கணபதி. சத்தி ரோட்டில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் பிரேக்கில் கால் வைத்தபடியே ஊர்வலம். அவினாசி ரோட்டு மேம்பாலத்தில் ஏறினால் கொஞ்சம் மிதிக்கலாம், ஆனால் அங்கே கேமரா இருக்கிறது. அபராதம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கிருபாசங்கர் வேகத்தைக் குறைத்துவிடுவார். ஆக, நூறைத் தொடுவதற்காகவே பிறந்த வண்டி நாற்பதைத் தொடுவதற்கே தவம் கிடந்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் யாரையாவது முந்துவதுதான் அவருடைய பயிற்சி. முதல் வாரத்தில் தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு டெம்போவை ஜெயித்தார். வீட்டுக்கு வந்து அதைக் கீதாவிடம் சொல்லவும் செய்தார்.

கோவில்பாளையம் தாண்டி ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், ஒருவரின் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில்தான் இரண்டு வண்டிகளும் முதல்முறையாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஞாயிற்றுக்கிழமை, பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை மென்றுகொண்டிருந்த நேரம். அருண்குமார் சிவப்பு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்கிறவர்போல டயரைப் பார்த்தார். பானெட்டை இரண்டு விரலால் தட்டினார்.

"எத்தன சிலிண்டருங்க மச்சான்?"

"மூணுங்க மாப்ள."

"மூணே மூணுங்களா?" அருண்குமார் நிஜமாகவே வருத்தப்பட்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. பட்டறைக்கும் ஊட்டுக்கும் போக இது போதுமுங்க. உங்களுக்கு எதுக்குங்க பிக்கப்பு?"

சுற்றி நின்றவர்களில் நாலு பேர் சிரித்தார்கள். கிருபாசங்கருக்குக் காது சூடானது. பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "ஒருக்கா பாத்துரலாமுங்களா மாப்ள?"

சண்டைக்குக் கூப்பிடும்போதும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிட்டார். இந்த ஊரில் அதற்கு வேறு வழி இல்லை.

அந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சைட் லேஅவுட் இருந்தது. வாசலில் இரண்டு சிமெண்ட் யானைகள் தும்பிக்கையைத் தூக்கி வரவேற்கிற வளைவு. உள்ளே பளபளவென்று அகலமான தார் ரோடு, இருபக்கமும் நம்பர் எழுதின வெள்ளைக் கற்கள், கோரைப்புல். மனை வாங்கினவர்கள் எல்லாரும் விலை ஏறட்டும் என்று காத்திருப்பதால் வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. மனைக்காரர்கள் இத்தனை பேர் இருந்தும் ஆளரவம் இல்லாத அந்த ரோடு கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டுகிறது. பிள்ளைகளைக் கிரகப்பிரவேச வீட்டிலேயே விட்டுவிட்டு இரண்டு தம்பதிகள் மட்டும் போனார்கள். வளைவுப் பக்கம் கீதா நின்று கையை இறக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் லோகப்பிரியா நின்று யார் முன்னால் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

பந்தயம் தொடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. காரணம் இஞ்சின் இல்லை.

"நீங்க வலது பக்கம் நில்லுங்க மாப்ள. இடது பக்கம் மண்ணு கெடக்குது" என்றார் கிருபாசங்கர். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. நல்ல பக்கத்தை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மண்ணில் போய் நின்றார். பிறகு, வெயில் மாப்பிள்ளை முகத்தில் அடிக்கிறதே என்று கவலைப்பட்டார். பிறகு, "நீங்க சித்தெ முன்னால நிறுத்திக்குங்க, பரவால்லீங்க" என்றார். கீதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இது பந்தயமுங்களா, சம்பந்தி விருந்துங்களா?"

கீதாவின் கை இறங்கியது.

கிருபாசங்கர் மிதித்தார். தாடிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. முதலில் ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, கறுப்பு வண்டி பக்கத்தில் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அப்புறம் டர்போ விழித்துக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி வண்டி பாய்ந்தது. வெள்ளைக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. கறுப்புக் கண்ணாடி வலப்பக்கம் தெரிந்தது, பிறகு கறுப்புக் கதவு, பிறகு கறுப்பு பானெட். முந்திக்கொண்டிருந்தார். கிருபாசங்கருக்கு அழுகை வரும்போல இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடு தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தார். அங்கேதான் கெட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. சின்னதாகிவிட்ட முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. மாப்பிள்ளை மனசு கோணிக்கொண்டிருந்தது, கண்ணெதிரே, அதுவும் தன்னால்.

கிருபாசங்கரின் கால் தானாக எழுந்தது. அவர் எடுக்கவில்லை, அதை அவர் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். பந்தியில் மாப்பிள்ளை வந்தால் எழுந்துகொள்கிற அதே கால், அதே மரியாதையோடு எழுந்துகொண்டது. வண்டியின் மூக்கு லேசாகக் கவிழ்ந்தது. கறுப்பு வண்டி சர்ரென்று தாண்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றது.

அருண்குமார் இறங்கினார். முகம் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது, கொஞ்சம் கூடவே. "நல்ல வண்டிதானுங்க மச்சான். ஆரம்பத்துல ஒரு வேகங் காட்டுச்சு. ஆனா தம் இல்லீங்க. மூணு சிலிண்டரு என்னங்க பண்ணும்?"

"ஆமாங்க மாப்ள" என்றார் கிருபாசங்கர். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அருண்குமாருக்குப் போன் வந்தது. பெட்ஷீட் லோடு எதையோ பற்றிப் பேசிக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போனார். கீதா ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள். லோகப்பிரியா அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, கால எடுத்துட்டீங்களா?"

"இல்ல கண்ணு. அது டர்போ லேக்குன்னு ஒண்ணு, மிதிச்சாலும் சித்தெ நேரம் எடுக்காது..."

"நா எதுக்கால நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். நீங்க அரை வண்டி முன்னால வந்தீங்க. அப்பறம் அவரு மொகத்தப் பாத்தீங்க."

கிருபாசங்கர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உனக்காகத்தான் அம்மணி. அவரு மனசு கோணுச்சுன்னா ஊட்டுக்குப் போயி உன்னையத்தான..."

"கோணாமயே பதினேழு வருசமாச்சுங்ணா." லோகப்பிரியாவின் குரல் உயரவில்லை. "ஊட்டுல நா ஒரு வார்த்த எதுத்துப் பேசினா அவரு என்ன சொல்லுவாருன்னு தெரியுமுங்களா? 'உங்கண்ணனே என்ற முன்னால சாஞ்சு உக்கார மாட்டாரு, நீ என்ன பேசற'ம்பாரு. நீங்க இங்க எந்திரிச்சு எந்திரிச்சு எடங் குடுக்கறீங்க. அதையக் காட்டிக் காட்டி என்னைய அங்க நிக்க வெக்கறாருங்க."

கிருபாசங்கர் பம்பரில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்தார். இத்தனை வருடமும் தங்கைக்காக எழுந்து நின்றதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அந்த நினைப்புத்தான் முதுகுவலியைப் பொறுத்துக்கொள்ள வைத்தது.

"இன்னிக்கு நீங்க முந்திருவீங்கன்னு நெனச்சேன். வேண்டிக்கிட்டே நின்னேன்" என்றாள் லோகப்பிரியா. பிறகு கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"எதுக்கு கண்ணு?"

"குடுங்கண்ணா."

கொடுத்தார். போன் பேசி முடித்து வந்த அருண்குமார், மனைவி சிவப்பு வண்டியின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க மச்சான், வண்டிக்கு இன்சூரன்ஸ் எல்லாம் கட்டியாச்சுங்களா?"

"இன்னொருக்கா போலாங்க" என்றாள் லோகப்பிரியா. "இங்கிருந்து வளைவுக்கு."

"யாரு, நீயா?"

"நாந்தான். இது ஆட்டோமேட்டிக்குங்க. மிதிச்சா போதும்."

அருண்குமார் மச்சானைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் மச்சான் குறுக்கே வந்து, வேண்டாம் அம்மணி, மாப்பிள்ளைக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லித்தான் வழக்கம். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மூச்சு வாங்க வந்து சேர்ந்த கீதா, யாரும் கேட்காமலே இரண்டு வண்டிக்கும் நடுவில் போய் நின்று கையைத் தூக்கிவிட்டாள்.

எந்தப் பக்கம் மண் என்று லோகப்பிரியா பார்க்கவில்லை. வெயில் யார் முகத்தில் அடிக்கிறது என்றும் பார்க்கவில்லை. கை இறங்கியதும் மிதித்தாள். அந்த ஒரு கணம் கறுப்பு வண்டி முன்னால் போனது, பிறகு சிவப்பு வண்டி பாய்ந்தது. பாதி ரோட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. அதற்கு மேல் சிவப்பு மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் திரும்பியே பார்க்கவில்லை என்பது பின்னால் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது. ஒரு வண்டி நீளத்துக்கு மேலாகவே முந்திச் சிமெண்ட் யானைகளைத் தாண்டி நின்றாள்.

கீதா கையைத் தட்டிக் கத்தினாள். கிருபாசங்கருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் வண்டி, தன் தும்மல் நேரம், தாடிக்காரர்கள் சொன்னதெல்லாம் சத்தியம். அவர் ஓட ஆரம்பித்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கோரைப்புல்லும் வெள்ளைக் கல்லும் பக்கத்தில் ஓட, தங்கையின் தலையில் கை வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று ஓடினார். என்ன சொல்வது என்றுகூட ஓடும்போதே முடிவு செய்துவிட்டார். நல்லா ஓட்டினே கண்ணு. அவ்வளவுதான், சின்ன வாக்கியம்.

வளைவுக்கு வந்தபோது அருண்குமார் வண்டியிலிருந்து இறங்கி, டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மறுபடி சின்னதாகியிருந்தது. "பொம்பள ஓட்டறாளே, எங்காவது போயி இடிச்சுப்போடுவாளோன்னுதான் நா மெதுவா..." என்று பாதியில் நிறுத்தினார்.

லோகப்பிரியா அண்ணனைப் பார்த்தாள். கிருபாசங்கர் மூச்சு வாங்கிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"ஆமாங்க மாப்ள. அதுவுமில்லாம டீசல் வண்டிங்க, இஞ்சின் சூடு பத்தியிருக்காது. ஏசி வேற ஓடிட்டு இருந்துருக்கும். காத்தும் எதுக்காலைங்க. உங்க வண்டி பிக்கப்புக்கு இதெல்லாம் ஒரு ரோடுங்களா? மெயின் ரோட்டுல உட்டா நாங்க உங்க பக்கத்துலயே வர முடியாதுங்க."

வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நிறுத்த வேண்டும் என்று அவருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்கு விரிந்துகொண்டிருந்ததால் நிறுத்த முடியவில்லை.

லோகப்பிரியா இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். கதவைச் சாத்தி, அண்ணன் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"வண்டி நெம்ப நல்லா எடுக்குதுங்ணா" என்றாள். "வண்டி மேல ஒரு கொறையுமில்லீங்க."